வாரத்தில் எஞ்சிய 156 மணி நேரம்

இருதயத்தின் உழைப்பைக் கவிஞர்களும் சாமானியர்களும் பாராட்டியிருக்கும் அளவில் நூற்றில் ஒரு பங்கேனும் சிறுநீரகத்தைப் பாராட்டியிருப்பார்களா என்பது ஐயமே. ஆயினும் முதுகெலும்பின் இருபுறமும் கைப்பிடி அளவில் அமைந்த அந்த இரண்டு உறுப்புகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகளைக் கொண்டு, நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, அதில் சரீரத்துக்கு வேண்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்துவிட்டு, வேண்டாததை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவில் வெளியேற்றும் காரியத்தை, இரவென்றும் பகலென்றும் பாராமல், வாரத்தின் 168 மணி நேரமும் செய்துகொண்டிருக்கின்றன. அவை அடியோடு செயலிழந்த ஒருவருக்கு டயாலிசிஸ் இயந்திரத்தால் நாம் தரக்கூடிய மாற்று, வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், ஆக 12 மணி நேரம். நம் தேசத்தில் வாரம் இருமுறையோடு திருப்தியடைய வேண்டிய ஏழைகளே அநேகர். எஞ்சிய 156 மணி நேரத்தில் அந்த மனிதர் எதைக் குடிக்கிறார், எதை உண்கிறார், எந்தக் கையை ஊன்றிப் படுக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய பிராணன் நிற்கிறது. இதைக் கற்பிக்கவும் கண்காணிக்கவும் கடமைப்பட்டவர் நர்ஸ். அவருடைய இந்தப் பணிக்கு நாம் இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை என்பதே என் முறையீடு.

இதை மேட்டுப்பாளையத்தை முன்வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரி நகரிலிருந்து வழுதாவூர்ச் சாலையில் புறப்பட்டுக் கதிர்காமத்தைக் கடந்தால் வரும் இந்த ஊர், தொழிற்பேட்டையாலும் லாரி நிலையத்தாலும் பெயர் பெற்றது. கதிர்காமத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும், கோரிமேட்டிலுள்ள ஜிப்மரும் இதற்கு அண்டையிலேயே இருக்கின்றன. 1823-இல் பிரெஞ்சு அரசினர் தொடங்கிய வைத்தியப் பள்ளி, 1956-இல் இந்திய அரசின் பொறுப்புக்கு வந்து, 1964-இல் ஜவஹர்லாலின் பெயரைத் தாங்கிய ஜிப்மர் என்னும் பட்டமேற்படிப்பு நிலையமாகிக் கோரிமேட்டில் வேரூன்றி, 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற வரலாறு புதுச்சேரிக்காரர் அறிந்ததே. விழுப்புரம், கடலூர், திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து விடியற்காலையில் பேருந்தேறி அங்கு வந்து சேரும் ஏழை எளியோரின் கூட்டத்தைக் கண்டவர்கள், இப்பிரதேசம் முழுவதற்கும் அந்த ஆஸ்பத்திரியே கதி என்பதை உணர்வார்கள்.

அந்த ஜிப்மரின் சிறுநீரக வைத்தியர்கள் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, நம் பத்திரிகைகளில் பெற்றிருக்கவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. பல ஆண்டுகளாகத் தங்களிடம் வந்த நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளைப் பரிசீலித்தபோது, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவோ, வேறு தெளிந்த காரணமோ இல்லாமலே சிறுநீரகம் கெட்டிருந்ததையும், அவர்களுள் பெரும்பாலோர் வயலில் உழைப்பவர்கள் என்பதையும் கண்டு, இந்நோய்க்குத் தொண்டை மண்டலத்தின் பெயரையே சூட்டினார்கள். பல்லவர் காலந்தொட்டு வழங்கும் ஒரு நாட்டுப் பெயர், வைத்திய சாஸ்திரத்தில் நோயின் பெயராக ஏறியது நாம் மகிழத்தக்க பெருமை அன்று. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் உழைப்பாளிகளை இவ்வாறே வாட்டும் நோய்கள் உண்டு. காரணம் யாதென்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமைப்பாடு ஏற்படவில்லை. கடும் வெயிலில் நீரின்றி உழைப்பது காரணங்களுள் ஒன்றாகப் பலமாகச் சந்தேகிக்கப்படுகிறது. நிகராகுவா நாட்டில் கரும்பு வெட்டுவோருக்கு நீரும் நிழலும் ஓய்வும் முறைப்படி அளித்துப் பார்த்தபோது, சிறுநீரகக் கேடு குறைந்தது கண்கூடாயிற்று.

வயலுக்குப் பொருந்துவது தகரக் கூரைக்குக் கீழே நிற்பவருக்குப் பொருந்தாமல் போகுமா? சித்திரை, வைகாசி மாதங்களில், இயந்திரச் சூடும் கூரைச் சூடும் ஒன்று சேரும் கொட்டகையில் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளி. வழியில் இறங்க நேருமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டு இரவு முழுதும் வண்டி ஓட்டும் லாரி ஓட்டுநர். கழிப்பிடம் தூய்மையாக இல்லாமையால் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் மாலை திரும்பும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்ளும் பெண்: இம்மூவரும் மூன்று வழிகளில் ஒரே அபாயத்தை நோக்கிச் செல்கிறார்கள். நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் இவர்களுக்குப் புதியவை அல்ல. உடம்பு வலிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை, நீர் வற்றிய சரீரத்தில் சிறுநீரகத்துக்கு நேரான விஷமாகிவிடுகிறது என்பதை இவர்களுக்கு எடுத்துச் சொல்வாரும் அரியர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 18-ஆம் பிரிவில் நல்ல குடிநீரையும், 250 பேருக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் கோடைக்காலத்தில் குளிர்ந்த நீரையும், 19-ஆம் பிரிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடங்களையும் கட்டாயமாக்கியது. அதை இயற்றியவர்கள் அறிந்தோ அறியாமலோ சிறுநீரகத்துக்கு ஒரு காவற்சட்டத்தையே எழுதிவைத்தார்கள் என்று நான் கருதுகிறேன்.

இனி ஆஸ்பத்திரிக்குள் செல்வோம். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தியத்தை நான்கு அங்கங்களாகப் பகுத்தபோது, நோயாளியையும் வைத்தியரையும் மருந்தையும் சொன்னதோடு அமையாமல், அருகிருந்து பேணுபவரையும் சரிநிகராக வைத்தார். சரகரின் ஆயுர்வேத நூலிலும் அதே நான்கு உண்டு. இவ்வளவு பழமையான ஞானத்தை உடைய நாம், நான்காம் அங்கத்தை ஊசி போடும் உத்தியோகமாகக் குறுக்கிவிட்டோம். சிறுநீரக நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் சில மணி நேரம் இருந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் குறுகிய எண்ணம் நிலைக்காது.

அங்கே முதற்காரியம் அளத்தல். நோயாளி குடித்த தண்ணீர், காப்பி, கஞ்சி, மோர், நரம்பில் ஏறிய சொட்டு மருந்து ஆகிய அனைத்தையும் ஒரு புறமும், வெளியேறிய சிறுநீரையும் வாந்தியையும் பேதியையும் மறுபுறமும் மில்லி லிட்டர் கணக்கில் எழுதிவரும் தாளை, அறியாதார் குமாஸ்தா வேலை என்று எண்ணக்கூடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி லிட்டர் அளவிலேனும் சிறுநீர் இறங்கவேண்டும். நாள் முழுவதுக்கும் 400 மில்லி லிட்டருக்குக் கீழே போனால் அது அபாய அறிவிப்பு. இரவு இரண்டு மணிக்கு அந்தக் குறைவைக் கண்டு வைத்தியரை எழுப்பும் நர்ஸ், ஒரு சிறுநீரகத்தையே காப்பாற்றிவிடக் கூடும்; காலையில் வைத்தியர் வரும்வரை தாளில் மட்டும் எழுதிவைத்துக் காத்திருப்பவர் அதை இழக்கக் கூடும். எடையும் அவ்வாறே. தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில், உணவுக்கு முன்பு, ஒரேவிதமான உடையில் நிறுத்துப் பார்த்து, நேற்றைக்கு இன்று ஒரு கிலோ ஏறியிருந்தால், அது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உள்ளே தங்கிவிட்டதைக் காட்டுகிறது. முகம் வீங்குவதற்கும், மூச்சு வாங்குவதற்கும், படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதற்கும் முன்னதாகத் தராசு பேசிவிடுகிறது.

அடுத்தது கை. டயாலிசிஸுக்காக முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்தியர் அமைக்கும் ஃபிஸ்டுலா என்னும் இரத்த வழி, 1966-இல் நியூயார்க்கில் பிரெஷியாவும் சிமினோவும் அவர்களுடைய சகாக்களும் உலகத்துக்கு அறிவித்த உபாயம். அதற்கு முன்பு, 1943-இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்து தேசத்தில் கோல்ஃப் என்னும் வைத்தியர் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கிக் காட்டியும், ஒவ்வொரு முறையும் புதிய இரத்தக்குழாயைத் திறக்கவேண்டியிருந்ததால், நாட்பட்ட நோயாளிக்கு அதனால் நிலையான பயன் விளையவில்லை. 1960-இல் சியாட்டில் நகரத்து ஸ்கிரிப்னர் என்னும் வைத்தியர் நோயாளியின் கையில் நிரந்தரக் குழாயைப் பொருத்தி வழி திறந்தார். ஃபிஸ்டுலா அதைச் செம்மைப்படுத்தியது. ஆகவே அந்த முன்கை நோயாளிக்கு ஜீவநாடி என்று சொல்வது மிகையாகாது. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, ஊசி குத்தக்கூடாது, வளையலோ கடிகாரமோ இறுக்கக்கூடாது, அதன்மேல் தலைவைத்துத் தூங்கக்கூடாது, கனமான குடத்தைத் தூக்கக்கூடாது. தொட்டால் பூனையின் உறுமலைப் போன்ற மெல்லிய அதிர்வு விரலுக்குத் தட்டவேண்டும். காலையும் மாலையும் அதை நோயாளியே தொட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும். அதிர்வு நின்றால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடிவரவேண்டும். அனுபவமுள்ள நர்ஸ், ஃபிஸ்டுலா வைப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, சிறுநீரகம் தளரத் தொடங்கியவரின் இடது முன்கையை யாரும் இரத்தப் பரிசோதனைக்குத் துளைக்காதபடி காத்து வைப்பார்; “இந்தக் கையில குத்தாதீங்க, சிஸ்டர்” என்று வேற்று ஆஸ்பத்திரியிலும் துணிந்து சொல்வதற்கு நோயாளியைப் பழக்குவார். எழுத்தறியாத விவசாயத் தொழிலாளி ஒருவர், வெள்ளை உடையைக் கண்டால் அஞ்சும் சுபாவத்தை மீறி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்படி செய்வது எளிய காரியம் அன்று.

இயந்திரத்தில் இணைக்கப்பட்ட நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த நீர் கரைசலாகப் பாய்கிறது. சாமானியக் குடும்பம் வாரம் முழுதும் குடிப்பதைக் காட்டிலும் அதிகம். அத்தனை நீரும் தூய்மையாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல், இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்வதையும் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதையும் நோயாளியின் முகக்குறியிலேயே கண்டுகொள்வதுவரை, நர்ஸின் கண் அகலக்கூடாது. கொட்டாவி விடத் தொடங்கிய நோயாளிக்கு அழுத்தம் சரிகிறது என்பதைக் கருவி காட்டுவதற்கு முன்பே உணரும் நர்ஸுகள் உண்டு. அந்தத் திறமை பாடப்புத்தகத்தால் மட்டும் வருவதில்லை. ஆதலின் டயாலிசிஸ் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு வார்டுக்கு மாற்றும் வழக்கம் பெரும் பிழை என்பது என் துணிபு.

சிறுநீர்த் தாரையின் நோய்களுக்கு வரும்போது கைகழுவும் பழக்கமே முதல் மருந்து. நினைவிழந்தவருக்கும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும், சிறுநீர் அடைத்துக்கொண்ட முதியவருக்கும் பொருத்தப்படும் கதீட்டர் என்னும் ரப்பர்க் குழாயும் அதனோடு தொங்கும் யூரின் பையும் மிகுந்த உபகாரிகளே. ஆனால் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், நூற்றில் மூன்று முதல் ஏழு பேர் வரையில் சிறுநீரில் கிருமியேறும் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள் என்பது தொற்றுநோய் நிபுணர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. எனவே பையை எப்போதும் சிறுநீர்ப்பைக்குத் தாழ்வாகவும், அதே சமயம் தரையைத் தொடாமலும் தொங்கவிடவேண்டும். நோயாளியை வண்டியில் படுக்கவைத்து ஸ்கேன் அறைக்குத் தள்ளிச் செல்லும்போது பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைக்கும் வழக்கம், கிருமி படிந்த நீரைத் திரும்ப உள்ளே அனுப்புவதாகும். குழாய் மடங்கக்கூடாது, தொடையோடு பிளாஸ்திரியால் பிணைக்கப்படவேண்டும், பையைக் குழாயிலிருந்து காரணமின்றிப் பிரிக்கக்கூடாது, ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்திரத்தில் வடிக்கவேண்டும். இவையெல்லாவற்றினும் மேலானது, “இன்னும் இந்தக் குழாய் வேண்டுமா?” என்று ஒவ்வொரு காலையும் வைத்தியரைக் கேட்பது. தேவை தீர்ந்த குழாயை ஒரு நாள் முன்னதாக எடுத்துவிட்டால் பல நாள் மருந்து மிச்சமாகும். கேட்பதற்கு நர்ஸுக்குத் தைரியமும், கேட்டால் சினவாத வைத்தியரும் வேண்டும்.

பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வரும் நீர்க்கடுப்பை வெட்கத்தால் மறைப்பதும், இரண்டு நாளில் எரிச்சல் தணிந்தவுடன் மாத்திரையை நிறுத்திவிடுவதும் நம் வீடுகளில் சகஜம். காய்ச்சலும் குளிரும் விலாவலியும் சேர்ந்துவிட்டால் கிருமி சிறுநீரகத்தை எட்டிவிட்டது என்று கொள்ளவேண்டும். முதியவர்களிடம் எரிச்சலே தோன்றாமல், திடீரென்று பிதற்றலாகவும் தடுமாற்றமாகவும் இந்நோய் வெளிப்படக் கூடும். வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடலாகாது.

எஞ்சிய 156 மணி நேரத்தின் பெரும்பகுதி அடுப்பங்கரையிலும் கூடத்திலும் கழிகிறது. கடலோர ஊரான புதுச்சேரியில் கருவாடின்றிச் சோறிறங்காத வீடுகள் பல. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உப்பின் பண்டாரங்கள். உப்பு தாகத்தை வளர்க்கும்; தாகம் தண்ணீரை அழைக்கும்; சிறுநீர் இறங்காத உடம்பில் அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும். இளநீரும் வாழைப்பழமும் கீரையும் நோயாளிக்குக் குளிர்ச்சி என்று உறவினர் அன்போடு வாங்கிவருவதை நாம் அறிவோம். அவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் ஏறினால், இருதயம் முன்னறிவிப்பின்றி நின்றுவிடக் கூடும். இரத்த அழுத்தக்காரர்களுக்கென்று கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் சேர்ப்பதும் பொட்டாசியமே ஆகையால், அது இவர்களுக்கு ஆகாது. இதைச் சொல்லும் நர்ஸ், அது ஆகாது, இது ஆகாது என்று பட்டியல் படித்துவிட்டுப் போவாரானால் பயனில்லை. காய்களைச் சிறு துண்டுகளாக அரிந்து, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கும் முறையையும், சிறிய தம்ளரில் அளந்து குடிப்பதையும், தாகம் வாட்டும்போது வாய் கொப்பளித்துத் துப்புவதையும், ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொள்வதையும் சமையல் செய்பவரிடமே நேரில் சொல்லவேண்டும். பெரும்பாலும் வைத்தியர் பேசுவது நோயாளியான ஆணிடம். உப்பைக் கையில் எடுப்பவர் வெளியே வராந்தாவில் காத்திருக்கும் அவர் மனைவி.

பெண்கள் பேணுவதோடு நிற்பதில்லை. 1952-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில், ஒரே சிறுநீரகத்தோடு பிறந்து விபத்தில் அதையும் இழந்த மாரியுஸ் ரெனார் என்னும் பதினாறு வயதுத் தொழிலாளிக்கு, ழான் ஹாம்பர்கர் குழுவினர் பொருத்தியது அவன் தாயின் சிறுநீரகம். மூன்று வாரம் கழிந்தபின் அது மறுக்கப்பட்டு அவன் மாண்டான். இரண்டாண்டு கழித்து, பாஸ்டனில் இரட்டையர்களிடையே ஜோசஃப் முரே வெற்றி கண்டார். 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அச்சிகிச்சை நம் நாட்டில் நிலைபெற்றது. இன்றும் உயிரோடிருந்து சிறுநீரகம் தருபவர்களுள் தாய்மாரும் மனைவிமாருமே நம் தேசத்தில் மிகுதி. தானம் செய்தவருக்கும் ஆயுள் முழுதும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்படவேண்டும். பெற்றவரைச் சுற்றி நிற்கும் பரபரப்பில் தந்தவரை மறந்துவிடாமல் மறுவருகைக்கு அழைப்பதும் நர்ஸின் கடமையே.

வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸ், எஞ்சிய மணி நேரங்களைக் குறித்த என் கேள்விக்கு மிக நேரான பதில். இரண்டு லிட்டர் கரைசல் கொண்ட பையை நாளில் நான்கு முறை வயிற்றுக் குழாய் வழியே இறக்கி, சில மணி நேரம் தங்கவிட்டு வடித்துவிடுவதால், இரவும் பகலும் இடையறாமல் இரத்தம் சுத்தமாகிறது. பேருந்துக் கட்டணமும் கூலி இழப்பும் குறைகின்றன. ஆனால் ஒரு முறை கைகழுவத் தவறினாலும் வயிற்றில் கிருமி புகுந்துவிடக் கூடும். வடிந்த நீர் கலங்கலாக இருந்தால் அன்றே விரைந்து வரவேண்டும். ஆகவே கற்பித்து அனுப்பிய நர்ஸ், வீட்டின் தண்ணீர்க் குழாயையும் அறையின் மூலையையும் சென்று பார்க்கக்கூடியவராக இருந்தால்தான் இம்முறை ஏழையின் குடிலில் தழைக்கும். தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்ப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றது. எல்லைக்கோட்டுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே நோய் பரவியிருக்கும் பிரதேசத்தில், புதுச்சேரியும் அதே அளவுக்கு முன்வருவது நியாயம்.

மேட்டுப்பாளையத்துக்கு நான் வேண்டுவது பெரிய கட்டடம் அன்று. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், வாரத்தில் குறித்த நாளில், தொழிற்பேட்டையிலும் லாரி நிலையத்திலும் உட்காரவேண்டும். இரத்த அழுத்தக் கருவியும், சர்க்கரை பார்க்கும் கருவியும், சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையும் ஒரு மேஜையில் அடங்கிவிடும். அத்துடன், சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் அளவைப் பார்ப்பதற்கு இரத்தமும் எடுத்தனுப்பவேண்டும். ஏனெனில் தொண்டை மண்டலத்து நோயில் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே தோன்றுவதால், பட்டையை மட்டும் நம்பினால் நோயாளியை ஆரோக்கியமானவர் என்று சொல்லி அனுப்பிவிட நேரும். குடிநீர்த் தொட்டியும் கழிப்பிடமும் எந்நிலையில் இருக்கின்றன என்று பார்த்து எழுதும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். ஷிப்ட் மாறும் வேளையே இதற்கு ஏற்றது: கோரிமேடு பக்கத்தில்தான் என்றாலும், அங்கு செல்வதற்கு ஒரு தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும், வீங்கிய காலோடு மூச்சுத் திணறும்வரை அந்தக் கூலியை அவர் இழக்க மாட்டார்.